அடிப்பதா, கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா? எஸ்பிளனேட் கல் முன்னால் தொடங்கிய சண்டை

கிழக்குக்கரையோன் · சனி, இரவு 9:50

ஊரிலிருந்து மச்சான் சிங்கப்பூருக்கு வந்திருக்கிறார். மதுரைப் பக்கம் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மெர்லயன், மரினா பே எல்லாம் காட்டிவிட்டு எஸ்பிளனேட் பூங்காவுக்குள் கூட்டிக்கொண்டு போய் இந்திய தேசிய ராணுவ நினைவிடத்தைக் காட்டினேன். நினைவிடம் என்றதும் பெரிதாக எதிர்பார்த்து வந்தார் போல. 1945 ஜூலை 8ஆம் தேதி நேதாஜி அடிக்கல் நாட்டி எழுப்பியது இப்போது இல்லை. ஜப்பான் சரணடைந்ததும் திரும்பி வந்த பிரிட்டிஷ்காரர்கள், மவுண்ட்பேட்டன் உத்தரவுப்படி அதைத் தகர்த்துவிட்டார்கள். அங்கே நிற்பது 1995ல் வைத்த அடையாளக் கல் மட்டும்தான்.

மச்சான் அதை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "துப்பாக்கி தூக்கி என்ன கண்டார்கள்? கடைசியில் காந்திதானே வாங்கிக் கொடுத்தார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் தாத்தா ஜொகூரில் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டு வேலையை விட்டுவிட்டு அந்தப் படையில் சேர்ந்தவர். பர்மா வரை போய், மலேரியாவோடு எலும்பும் தோலுமாகத் திரும்பியவர். எங்கள் பழைய வீட்டில் காந்தி படமும் நேதாஜி படமும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். இதில் யார் பெரியவர் என்று தாத்தாவிடம் கேட்டால் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார்.

ராத்திரி சாப்பாட்டு மேசையில் வாக்குவாதம் முற்றிவிட்டது. உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள் நடுவில் புகுந்து, "அப்ப அடிச்சாத்தான் கேப்பாங்களா?" என்று கேட்டாள். நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீங்களாவது சொல்லுங்கள். 'இரண்டும் தேவைதான்' என்று வழுக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

கோப்பி_ஓ_கோசோங் · சனி, இரவு 10:02

அடியாத மாடு படியாது. முடிந்தது, இழையைப் பூட்டலாம்.

புளோக்418 · சனி, இரவு 10:06

மாட்டை அடிப்பவன் மாட்டுக்காரன். இந்தக் கதையில் நாம்தானே மாடு?

மலாக்கா_மருமகள் · சனி, இரவு 10:31

அண்ணே, உங்கள் தாத்தாவுக்கு முதலில் ஒரு கும்பிடு. ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கதையை வேறு விதமாகச் சொல்வார்கள். பாட்டியின் இரண்டு அண்ணன்களைத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில்பாதை போட லாரியில் ஏற்றிப் போனான் ஜப்பான்காரன். 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாக அங்கே காலராவிலும் பசியிலும் செத்தார்கள். அண்ணன்கள் இருவரும் திரும்பவில்லை. அதே ஜப்பான்காரன் தயவில்தான் நேதாஜியின் படை நடந்தது. துப்பாக்கி எடுத்தால் குண்டு யாராவது கொடுக்க வேண்டும். கொடுக்கிறவன் யார், அவன் மறுகையால் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டாமா? காந்தியின் உப்புக்கு எந்தப் படையின் தயவும் தேவைப்படவில்லை. கடல் போதும்.

கிழக்குக்கரையோன் · சனி, இரவு 10:48

அக்கா, மறுக்க முடியவில்லை. ஆனாலும் ஒன்று. 1943 அக்டோபரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் தொடங்கியபோது சேர்ந்த பெண்களில் எத்தனையோ பேர் தோட்டத்துப் பெண்கள், தமிழச்சிகள். துரை வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்ற வீட்டுப் பிள்ளைகள் கால்சட்டை போட்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்து, சென்னையிலிருந்து வந்த ஒரு லேடி டாக்டரைக் கேப்டன் லட்சுமி என்று அழைத்தார்கள். போரில் தோற்றார்கள், சரி. குனிந்த முதுகு நிமிர்ந்ததே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சுண்ணாம்பு · சனி, இரவு 11:40

முதுகு நிமிர்வதற்குத் துப்பாக்கிதான் வேண்டும் என்கிறீர்களே, அதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்ததை யாரும் பேசுவதில்லை. 1941, மலாயாவின் கிள்ளான் வட்டாரம். தோட்டத் தமிழர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் என்பவர் தலைமை. கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள்: சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியைத் தமிழனுக்கும் கொடு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு கொடு. பெண்கள் மேல் கை வைக்காதே. கள்ளுக்கடையை மூடு (தொழிலாளிகளே கேட்டார்கள், கவனியுங்கள்). இதோடு இன்னொன்று: துரையையும் கிராணியையும் (தோட்ட ஆபீஸ் எழுத்தர்) கண்டால் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்.

இந்தக் கடைசி வரியைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சைக்கிள் சொந்தக் காசில் வாங்கியது, ரோடு ஊருக்குப் பொது, ஆனாலும் இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும். அதை மாற்ற அவர்கள் யாரையும் அடிக்கக் கிளம்பவில்லை. பால் வெட்டப் போகவில்லை, அவ்வளவுதான். போர்க்காலம், லண்டனுக்கு ரப்பர் வேண்டும். அதனால்தான் உறைத்தது.

அப்புறம் நடந்தது தெரிந்ததே. மே மாதம் நாதனைப் பிடித்தார்கள். ஜனங்கள் திரண்டார்கள். படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் 5 பேர் செத்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அடுத்த வருடம் பிரிட்டிஷ்காரன் ஓடிப்போனான். அதற்கடுத்த வருடம் நேதாஜி வந்து கூப்பிட்டபோது தோட்டத்து இளைஞர்கள் ஏன் வரிசை கட்டினார்கள் என்பதற்கு வேறெங்கும் காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அமைதியாக உட்கார்ந்தவனைச் சுட்டால் அவன் பிள்ளை என்ன முடிவெடுப்பான்?

கோப்பி_ஓ_கோசோங் · சனி, இரவு 11:52

அதைத்தானே நானும் ஒரே வரியில் சொன்னேன்.

சுண்ணாம்பு · ஞாயிறு, அதிகாலை 12:15

இல்லை தம்பி, கதை அங்கே முடியவில்லை. அந்தப் படையில் இருந்த எஸ். ஏ. கணபதி போருக்குப் பிறகு தொழிற்சங்கத்துக்கு வந்தார், மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். அவசரகாலச் சட்டம் அப்படி. தொழிற்சங்கத்தில் அவர் செய்த வேலையைச் சட்டத்தால் எளிதில் தூக்கில் போட முடிந்திருக்காது. துப்பாக்கி கிடைத்ததும் வேலை சுலபமாகிவிட்டது. ஆயுதம் எதிராளிக்குச் செய்துகொடுக்கும் உபகாரம் அதுதான்.

நூலகப்புழு · ஞாயிறு, காலை 8:20

எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீஃபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை உலகெங்கும் நடந்த 323 போராட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். ஆயுதம் எடுக்காதவற்றில் 53 சதவீதம் வென்றன, ஆயுதம் எடுத்தவற்றில் 26 சதவீதம். காரணம் எளிது. துப்பாக்கிப் படையில் இளவட்டம் மட்டும்தான் சேர முடியும், கடையடைப்பில் பாட்டியும் சேரலாம். கூட்டம் பெருகப் பெருக எதிர்ப்பக்கத்துச் சிப்பாயின் சொந்தக்காரனும் அதில் ஒருவனாக நிற்பான், சுடக் கை வராது.

புளோக்418 · ஞாயிறு, காலை 8:41

பாதிக்குப் பாதி தோல்வியும்தானே அதில் இருக்கிறது. அப்புறம், 2010க்குப் பிறகு அமைதிப் போராட்டங்கள் வெல்லும் விகிதம் நன்றாகக் குறைந்துவிட்டது என்று அதே செனோவெத் எழுதியிருக்கிறார். அரசாங்கங்களும் பாடம் படிக்கின்றன.

நூலகப்புழு · ஞாயிறு, காலை 8:44

ஆயுதப் போராட்டங்கள் வெல்வது அதைவிடக் குறைந்துவிட்டது. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

பழைய_ஜாலான்காயு · ஞாயிறு, காலை 9:30

நீங்கள் எல்லாரும் துரை, படை, நாடு என்று பேசுகிறீர்கள். நான் 1964ல் பன்னிரண்டு வயதுப் பையன். ஜூலை 21, நபிகள் பிறந்தநாள் ஊர்வலம். அதில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் கலவரம் மூண்டு, ராத்திரியே ஊரடங்கு போட்டுவிட்டார்கள். ஜூலையில் 23 பேர், மறுபடி செப்டம்பரில் 13 பேர் செத்தார்கள். எங்கள் கம்பத்தில் (கிராமத்தில்) மலாய்க்காரர், சீனர், நாங்கள் நாலைந்து தமிழ்க் குடும்பம். ராத்திரி அப்பா கதவுக்குப் பின்னால் பாராங் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தாவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார் என்று பின்னால் தெரிந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பயந்துகொண்டு. காலையில் கிணற்றடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வன்முறை என்றால் எனக்கு நேதாஜி ஞாபகம் வரமாட்டார், அந்தக் கத்திதான் வரும். யாரும் எதையும் அடையவில்லை. பிறகு வட்டாரத்துக்கு வட்டாரம் நல்லெண்ணக் குழு போட்டு, வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள்.

நடத்துநர் · ஞாயிறு, காலை 10:05

நல்ல இழை. இனம், மதம் பற்றி எழுதும்போது ஐயா எழுதியதுபோல் கண்டதை எழுதுங்கள். குத்தலாக வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அனுப்பியவர்களுக்குத் தெரியும்.

யாழ்வடலி · ஞாயிறு, பகல் 12:50

அஹிம்சைக்குச் சான்றிதழ் கொடுக்கும் முன் எங்கள் கதையையும் கேளுங்கள். 1956 ஜூன் 5, சிங்களம் மட்டும் சட்டத்துக்கு எதிராக தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் தலைமையில் கொழும்பு காலிமுகத்திடலில் உட்கார்ந்தார்கள். காடையர் கூட்டம் வந்து அடித்தது, பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரசு அலுவலகம்) வாசலில் மறியல். வாரக்கணக்கில் வடக்கும் கிழக்கும் அசையவில்லை. சொந்தமாக முத்திரை அச்சடித்துத் தபால் சேவைகூட நடத்தினார்கள். ஏப்ரலில் ராணுவம் வந்தது, தலைவர்களைத் தடுத்து வைத்தது. காந்தி செய்ததில் எதை நாங்கள் செய்யாமல் விட்டோம்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்போல் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தோம். பிறகு 1983 கலவரம் வந்தது, பெடியள் (பையன்கள்) ஆயுதம் தூக்கப் போனார்கள். முடிவு 2009 மே. அதைப்பற்றி எழுதக் கை வரவில்லை.

தேயிலைத்தூள் · ஞாயிறு, பகல் 1:35

வடலி, உங்கள் வலி புரிகிறது. அதே தீவின் மறுபக்கத்தையும் வையுங்கள். என் பெற்றோர் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். 1948ல் சட்டம் போட்டு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் கிடந்தோம். 1986 ஜனவரியில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் பிரார்த்தனை இயக்கம் அறிவித்தார். வேலை நிறுத்தம் என்று பெயர் வைக்கவில்லை, பிரார்த்தனை. காலையில் மலைக்கு ஏறாமல் கோவிலில் உட்கார்ந்து சாமி கும்பிடுவது. சாமி கும்பிடுவதைத் தடுக்க எந்தச் சட்டம் இருக்கிறது? கொழுந்து பறிக்க ஆள் இல்லை. அரசாங்கம் பேச்சுக்கு இறங்கிவந்தது, 1988ல் குடியுரிமைச் சட்டமும் வந்தது. அம்மா அந்த நாட்களில் போட்ட கும்பிடுதான் என் பாஸ்போர்ட் என்று அப்பா கேலி செய்வார்.

யாழ்வடலி · ஞாயிறு, பகல் 1:58

வடக்கில் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. மலையகமும் கிளம்பிவிடுமோ என்ற பயத்தில்தான் கொடுத்தான். எங்கள் பெடியளின் துவக்குச் சத்தம் உங்கள் அம்மாவின் கும்பிடுக்குப் பக்கவாத்தியம்.

தேயிலைத்தூள் · ஞாயிறு, பகல் 2:10

இருக்கலாம். மறுக்க மாட்டேன். ஆனால் கச்சேரி வாசலில் நீங்கள் உட்கார்ந்தபோது கொழும்பில் யாருக்கும் தேநீர் நிற்கவில்லை. நாங்கள் உட்கார்ந்தபோது ஏற்றுமதிக்கே ஆபத்து வந்தது. வித்தியாசம் அங்கேயும் கொஞ்சம் இருக்கிறது.

மலாக்கா_மருமகள் · ஞாயிறு, பகல் 2:25

இதுதான் இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே எனக்குப் புரிந்த பேச்சு. கிள்ளானில் ரப்பர், அட்டனில் கொழுந்து. நம் கை அவர்களுக்கு எவ்வளவு தேவை என்பதுதான் கேள்வி. நல்லவனா கெட்டவனா என்பது இரண்டாவது.

தேக்காவாசி · ஞாயிறு, மாலை 5:15

அப்படியானால் நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலை. தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்துக்கு அடியில் சிக்கி இறந்தார். கூட்டம் கொதித்து, காப்பாற்ற வந்த ஆம்புலன்ஸையே கொளுத்தியது. நான் அன்று பஃபலோ சாலையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். என்ன கிடைத்தது? 25 பேர் மேல் வழக்கு, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஊருக்கு. சம்பளம், விடுதி நிலைமை காரணம் இல்லை என்று விசாரணைக் குழு சொல்லிவிட்டது. 2015 முதல் ராத்திரி பத்தரைக்கு மேல் பொது இடத்தில் குடிக்கக்கூடாது என்று சட்டம். இறந்தவர் பெயர்கூட எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

புளோக்418 · ஞாயிறு, மாலை 5:40

சரி, அதற்கு முந்தைய வருடம்? 2012 நவம்பரில் சீனாவிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநர்கள் 171 பேர் விடுதியை விட்டு வேலைக்குக் கிளம்பவில்லை. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அத்தியாவசியச் சேவையில் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தம் செய்தது குற்றம் என்று 5 பேருக்குச் சிறை, 29 பேர் ஊருக்கு. ஒருவர் தனியாகப் பதாகை பிடித்து நின்றாலும் பர்மிட் தேவைப்படும் நாடு இது. ஹாங் லிம் பூங்காவில் பர்மிட் இல்லாமல் பேசலாம், ஆனால் வெளிநாட்டுத் தொழிலாளி அங்கே போராட்டத்தில் சேர முடியாது. காந்தி இங்கே வந்திருந்தால் உப்பு எடுக்கும் முன் ஃபாரம் நிரப்பியிருப்பார்.

சுண்ணாம்பு · ஞாயிறு, மாலை 6:02

ஃபாரத்தைக் கேலி செய்யாதீர்கள். 1950களில் தமிழ் முரசு பத்திரிகை ஆசிரியர் சாரங்கபாணி செய்ததே அதுதான். குடியுரிமைக்குப் பதியுங்கள் என்று தமிழர்களை விரட்டி விரட்டி ஃபாரம் நிரப்ப வைத்தார். சத்தியாகிரகமும் இல்லை, சண்டையும் இல்லை. நம்மில் பாதிப்பேர் இங்கே உட்கார்ந்து தமிழில் சண்டை போடுவதற்கு அந்தக் காகிதமும் ஒரு காரணம்.

லாரிப்பின்சீட்டு · ஞாயிறு, இரவு 10:20

அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். படிப்பதோடு சரி, எழுதியதில்லை. தவறு இருந்தால் மன்னிக்கவும். நான் கட்டுமான வேலைக்கு வந்து ஒன்பது வருடம். கம்பெனி பெயர் வேண்டாம்.

சில வருடம் முன்பு எங்களுக்கு மூன்று மாதச் சம்பளம் நின்றது. கேட்டால் அடுத்த வாரம், அடுத்த வாரம். ஊரில் வட்டி ஏறுகிறது. ஒரு நாள் விடிகாலை லாரி வந்தது, நாங்கள் பதினாலு பேர் ஏறவில்லை. யாரும் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை. முதல் ஆள் ஏறவில்லை, அதைப் பார்த்து அடுத்த ஆள் ஏறவில்லை. சூப்பர்வைசர் வந்து கத்தினார். அம்மாவைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னார். எங்களில் ஒரு பையன், வந்து எட்டு மாதம்தான், கீழே கிடந்த சாரக் குழாயைக் கையில் எடுத்துவிட்டான்.

எங்களோடு இருந்த மூத்த கொத்தனார் அவன் பின்னால் போய்க் குழாயை மெதுவாகக் கையிலிருந்து வாங்கி, லாரிக்கு அடியில் தள்ளிவிட்டார். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்து, "கையைப் பாக்கெட்டுக்குள் விடுங்கடா" என்றார். பதினாலு பேரும் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றோம். சூப்பர்வைசர் போனில் படம் எடுத்தார். எடுத்த படத்தில் பதினாலு பேர் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்கிறார்கள், வேறொன்றும் இல்லை.

அன்றே பெண்டமியர் சாலையில் இருக்கும் மனிதவள அமைச்சுக்குப் போனோம். சம்பளச் சீட்டு, நேர அட்டை, போனில் எடுத்து வைத்த கணக்கு எல்லாம் கொடுத்தோம். சமரசப் பேச்சு நடந்தது. முழுப் பணம் வரவில்லை. பெரும்பகுதி இரண்டு தவணையாக வந்தது. வேலை பர்மிட் முடிந்தபோது எங்களில் மூன்று பேருக்குப் புதுப்பிக்கவில்லை. குழாய் எடுத்த பையனும் அதில் ஒருவன். அதனால் ஜெயித்தோமா தோற்றோமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பணம் வந்த அன்று தேக்காவில் பிரியாணி சாப்பிட்டோம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். குழாய் மேலே போயிருந்தால் சம்பளக் கேஸ் அந்த நிமிஷமே போலீஸ் கேஸ் ஆகியிருக்கும்.

கோப்பி_ஓ_கோசோங் · ஞாயிறு, இரவு 10:37

அண்ணே, என் முதல் பதிவை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

நூலகப்புழு · ஞாயிறு, இரவு 10:45

இதைப் படிக்கும் மற்ற தொழிலாளர்களுக்கு: சம்பளப் புகாருக்குக் காலக்கெடு உண்டு. வேலையில் இருந்தால் ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டிருந்தால் ஆறு மாதத்துக்குள். அண்ணன் போனில் கணக்கு எடுத்து வைத்தாரே, அதை எல்லாரும் செய்யுங்கள்.

கிழக்குக்கரையோன் · ஞாயிறு, இரவு 11:10

இதை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். மகளும் பக்கத்தில் இருந்தாள். மச்சான் முகத்தில் ஒரு பெருமை. "அந்தக் கொத்தனார் காந்தியைப் படித்தவராக இருப்பார், கேட்டுப் பார்" என்றார்.

லாரிப்பின்சீட்டு · ஞாயிறு, இரவு 11:18

இல்லை அண்ணே. அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஊரில் வாய்க்கால் தகராறில் ஒருவர் மண்டையை உடைத்து நாலு வருடம் உள்ளே இருந்தவர். அதை அவரே சொல்வார்.

கிழக்குக்கரையோன் · ஞாயிறு, இரவு 11:31

மச்சான் ஒன்றும் சொல்லாமல் பால்கனிக்குப் போய்விட்டார். மகள்தான் சிரிக்கிறாள்.

தம்பி, அடுத்த ஞாயிறு ஓய்வு இருந்தால் எஸ்பிளனேட் பக்கம் வாருங்கள். சிட்டி ஹாலில் இறங்கினால் பத்து நிமிட நடை. அந்தக் கல்லைக் காட்டுகிறேன். கொத்தனாரையும் கூட்டி வாருங்கள்.

லாரிப்பின்சீட்டு · ஞாயிறு, இரவு 11:34

அவர் போன தையில் ஊருக்குப் போய்விட்டார் அண்ணே. எனக்கு அடுத்த ஞாயிறு ஓவர்டைம். அதற்கடுத்த வாரம் வரட்டுமா?

கிழக்குக்கரையோன் · ஞாயிறு, இரவு 11:36

வாருங்கள். மச்சானுக்கு வியாழக்கிழமை விமானம். நானும் மகளும் இருப்போம்.